பூசை ரசம் தேடிக் கம்பம் போன பத்து நாள்

மதுரையிலிருந்து தேனிக்கு இப்போது ரயில் கிடையாது. முன்பு இருந்தது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே கரி பஸ்ஸில் போனேன். வண்டியின் முதுகில் தகர உருளை ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையைக் கொண்டு ஓட்டுகிறார்கள். ஓட்டுகிறார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆண்டிபட்டிக் கணவாயில் நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். என்னோடு சேர்ந்து தள்ளிய ஒருவர், "டிக்கெட்டு நமக்கு, சவாரி வண்டிக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோர் முகத்திலும் கரி.

நான் போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாதா கோவில் சாமியாருக்குப் பூசை செய்யத் திராட்சை ரசம் வேண்டும். சீமையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ரசம் யுத்தத்தால் நின்றுபோயிற்று. இருப்பதைத் தேக்கரண்டியால் அளந்து ஊற்றுங்கள் என்று மேலிடத்திலிருந்து எல்லாச் சாமியார்களுக்கும் கடிதம் வந்திருந்தது. கம்பம் பக்கத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல்கள் உண்டு என்றும், அங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்களில் ரசம் பிழிகிறார்கள் என்றும் எங்கள் சாமியார் கேள்விப்பட்டிருந்தார். தேர்ந்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்.

"அருளப்பா, பதினைந்து வருஷம் துரைமார் கிளப்பில் பட்லராக இருந்தவன் நீ. உன் நாக்கை நம்பித்தான் அனுப்புகிறேன்" என்றார். "திராட்சையைத் தவிர வேறொன்றும் அதில் இருக்கக் கூடாது. வெல்லம் கூடாது, சாராயம் கூடாது, காடியாகியிருக்கவும் கூடாது."

கிளப்பில் புட்டி திறந்தால் முதல் துளியைப் பட்லர்தான் சுவைத்துப் பார்க்க வேண்டும். தக்கை அழுகியிருந்தால் துரை முகம் சுளிக்குமுன் நமக்குத் தெரிந்துவிட வேண்டும். அப்படிப் படிந்ததுதான் என் நாக்கு. எனக்குக் கர்வம் என்று ஒன்று இருந்தால் அது அந்த நாக்கில்தான் இருந்தது.

இரண்டாம் நாள் தேனியில் தொடங்கினேன். கடைத்தெருவில் அரிசி இட்லி கிடைக்கவில்லை. சோள இட்லி போட்டார்கள். மதுரையிலும் அரிசிக்குப் பங்கீடுதான். ஆனால் மதுரையில் இட்லி வெள்ளையாகவாவது இருக்கும். மருந்துக்கடை ஒன்றில் பிரசவித்த பெண்களுக்குக் கொடுக்கும் டானிக் ஒயின் இருந்தது. புட்டி இரண்டு ரூபாய். கடைக்காரர் ஒரு மூடியில் ஊற்றித் தந்தார். காய்ச்சிய சர்க்கரைப் பாகு, கொஞ்சம் இரும்பு, கடைசியில் இருமல் மருந்து வாசனை. திராட்சை இதன் பக்கத்தில் கூட வந்ததில்லை.

"இது நல்ல ரத்தம் ஊறுங்க" என்றார் கடைக்காரர்.

"பூசைக்கு வேணும்."

"அப்பச் சாமிக்கும் ஊறட்டுமே" என்றார். நல்ல மனிதர்தான். வாங்காமல் வந்தேன்.

மூன்றாம் நாள் சின்னமனூர். மார்க்கையன்கோட்டை வழியாக வரும்போது நெல் வயல்கள் பச்சையாக இருந்தன. அத்தனை நெல்லைக் கண்ணால் பார்த்துவிட்டு, மத்தியானம் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டேன். நெல் சர்க்காருக்கு அளந்தாக வேண்டும் என்றார்கள். அங்கே மலைத்தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கடையில் போர்த்துகல் நாட்டு ஒயின் என்று ஏழு ரூபாய்க்கு ஒரு புட்டி காட்டினார்கள். புட்டியில் ஒட்டிய சீட்டு அசல். தக்கை புதிது. வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது: முதலில் மெழுகு போல நல்ல பழைய ருசி, உடனே பின்னால் சாராயத்தின் சூடு. பாதி அசல், பாதி நம் ஊர். நான் சொன்னதும் கடைக்காரர் மறுக்கவே இல்லை. புட்டியை வாங்கித் துடைத்து அலமாரியில் அதே இடத்தில் வைத்தார்.

அன்று சாயங்காலம் உத்தமபாளையம் போய்ச் சேருவதற்குள் எனக்கு உடம்பு நடுங்கத் தொடங்கிவிட்டது. பல் தட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. சத்திரத்தில் பக்கத்துப் பாயில் இருந்தவர், "காச்சக்கார ஊருங்க இது. ஆத்துத் தண்ணி வந்து நெல்லும் வந்துச்சு, இதுவும் வந்துச்சு" என்று சொல்லித் தன் கம்பளியையும் என்மேல் போட்டார். நான்காம் நாள் முழுவதும் படுத்திருந்தேன். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினாத் தூளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வேளைக்கு ஒரு பொட்டலம்.

"ரெண்டு மூணு நாளைக்கு வாயி கசக்கும், காதுல இரையும். பயப்படாதீக" என்றார்.

அவர் சொன்னார். நான் கேட்டேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கு வேறு யாரையும் நான் கைகாட்ட முடியாது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. கஞ்சி கசந்தது. காய்ச்சல் வாய் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ஆனால் அன்று வருவதாக முன்பே சொல்லியனுப்பியிருந்தேன். மாட்டுவண்டி ஒன்றில் ஏறி, உத்தமபாளையத்துக்குத் தெற்கே உள்ள ஒரு கத்தோலிக்கக் கிராமத்துக்குப் போனேன். ஊர்ப் பெயரை எழுத எனக்கு மனமில்லை.

கோவில் முற்றத்தில் வேப்பமரத்தடியில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்லிக் கோவிலைப் பார்த்துக்கொள்பவர் உபதேசியார். அவர்தான் எனக்கு விஷயத்தை விளக்கினார். ரசம் பிழிந்திருப்பது ஞானம்மாள் என்ற பெண். அவள் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து மலேயா போனவன். ஒன்றரை வருஷமாகக் கடிதம் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய ஒரே மகளும் காய்ச்சலில் போய்விட்டாள். பந்தல் புருஷன் வீட்டுச் சொத்து. கொழுந்தன் சந்தியாகு அதை வெட்டிவிட்டுச் சோளம் போட வேண்டும் என்கிறான்.

சந்தியாகுவும் அங்கேதான் இருந்தான். முப்பது வயதுக்குள் நரைத்த தலை. அவனை வில்லன் என்று சொல்ல முடியாது.

"எனக்கு நாலு பிள்ளைகங்கய்யா" என்றான் என்னிடம். "பஞ்சத்துல திராட்சையவா திங்கும்? மருதைச் சாமியாரு வருசா வருசம் ரசம் எடுத்துக்கிருவாகன்னா பந்தல் நிக்கட்டும். இல்லையின்னா வெட்டணும். மதினியும் சரின்னுட்டாக."

ஞானம்மாள் வந்தாள். வெள்ளைப் புடவை கட்டவில்லை. புருஷன் இருக்கிறானா என்று தெரியாதே. சாயம் போன நீலப் புடவை. கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு புட்டி. மூன்று ஜாடி இருக்கிறதென்றும், புட்டிக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் போதுமென்றும் உபதேசியார் அவளுக்காகச் சொன்னார்.

என் பையிலிருந்து கிளப் கண்ணாடிக் கிளாஸை எடுத்தேன். அதைக் கண்டதும் ஆண்கள் நெருங்கி வந்தார்கள். ஊற்றினேன். வெயிலுக்கு நேரே பிடித்தேன்: நாவற்பழத்தின் நிறம், கலங்கல் இல்லை. முகர்ந்தேன். பன்னீர் மணம் இருந்தது. அதை நான் அப்போதே ஒத்துக்கொண்டேன். பிறகு வாயில் வைத்தேன்.

கசந்தது. நாக்கின் அடியில் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கிற கசப்பு. திராட்சைத் தோலின் துவர்ப்பு எனக்குத் தெரியும். கொட்டை நசுங்கினால் வரும் கைப்பும் தெரியும். இது அந்த இரண்டும் இல்லை. சாராயம் ஊறப்போடுகிறவர்கள் வேலம்பட்டையைச் சேர்ப்பார்கள். அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியவுடன் உறுதியாகிவிட்டது.

"இதில பட்டை விழுந்திருக்கு" என்றேன்.

உபதேசியார் எழுந்து நின்றார். "என்ன ஞானம்மா? பூசைக்குன்னு சொல்லிப்பிட்டுப் பட்டையவா போட்ட?"

"மாதா மேல ஆணையா ஒண்ணும் போடலங்கய்யா. பழத்த மிதிச்சேன், துணியில வடிச்சேன், ஜாடிய மூடினேன். அம்புட்டுத்தேன்."

"அப்ப இவுக மருதையிலருந்து வந்து பொய்யா சொல்றாக?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னொருக்கக் குடிச்சுப் பாருங்கய்யா" என்றாள்.

குடித்துப் பார்த்தேன். அதே கசப்பு. தலையை அசைத்தேன். பின்னால் நின்ற ஒருவன், "சாராயம் காச்சுற ஜாடியில ஊத்தி வச்சிருக்கும்" என்று இன்னொருவனிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. ஒரு பெண்ணுக்கு அந்த ஊரில் அதைவிடப் பெரிய பழி வேண்டாம்.

சந்தியாகு துண்டை உதறித் தோளில் போட்டான். "சரி மதினி. பேச்சு பேச்சாத்தேன் இருக்கணும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவள் புட்டியில் துணியைத் திரும்பச் சுற்றிக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானம் உபதேசியார் வீட்டில் கோழி அடித்துச் சோறு போட்டார்கள். அதுவும் எனக்குக் கசந்தது. உபதேசியாரின் மனைவிக்குச் சமைக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் வெட்கம், ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஆறாம் நாள் கம்பம் வழியாகக் கூடலூர். ஏழாம் நாள் மலையேறிக் குமுளி. அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அந்நிய நாடு போலத்தான். சாவடியில் என் பையைக் கிளறினார்கள். கிளாஸைக் கண்ட காவல்காரர் பக்கத்தில் நின்றவரிடம் மலையாளத்தில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்னோடு வந்த ஏல வியாபாரி அர்த்தம் சொன்னார்: "ஆளுக்குக் குடிக்க வழியில்ல, கிளாஸ் மட்டும் சுமக்கிறான்கிறாங்க."

அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரைசானி, துரை இறந்துபோனதால் பங்களாச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாள். மேஜை, நாற்காலி, துப்பாக்கி, நாய், கடைசியாகப் புட்டிகள். பிரெஞ்சு தேசத்துக் க்ளாரெட் ஒயின், புட்டி இருபத்தைந்து ரூபாய். எங்கள் சாமியாருக்கு எட்டாத விலை. ஆனாலும் ஒன்றிரண்டு புட்டியாவது பெரிய திருநாளுக்கு ஆகுமே என்று கேட்டேன். சீட்டைப் பார்த்ததும் எனக்குப் பழைய உறவினரைக் கண்டதுபோல் இருந்தது. கிளப்பில் அதே ரகத்தில் நூறு புட்டிக்குமேல் என் கையால் திறந்திருப்பேன். அதன் ருசி எனக்கு என் வீட்டு வாசல் மாதிரி. முதலில் கறுப்புப் பழம்; பிறகு புதிதாகச் சீவிய மரம்; விழுங்கிய பிறகும் நெடுநேரம் நிற்கும் ஒரு மெல்லிய இனிப்பு.

துரைசானி தானே ஒன்றைத் திறந்து ஊற்றித் தந்தாள். வாயில் வைத்தேன்.

கசந்தது. அதே கசப்பு. அடிநாக்கில், அதே இடத்தில்.

"அம்மா, இது கெட்டுப்போயிருக்கிறது" என்றேன்.

அவள் என் கிளாஸை வாங்கித் தானே குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இது அவர் சாவதற்கு முந்தின வாரம் நாங்கள் குடித்ததேதான். கொஞ்சமும் கெடவில்லை" என்றாள் இங்கிலீஷில். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

சமையற்கட்டுக்குப் போனேன். அங்கிருந்த சமையல்காரர் பால் விடாத கட்டஞ்சாயாவும் வேகவைத்த கப்பைக் கிழங்கும் கொடுத்தார். சாயாவில் வெல்லம் தாராளமாகப் போட்டிருந்தார். கசந்தது. கப்பை கசந்தது. வெளியே மூங்கில் குழாயில் சுனைத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன்.

பச்சைத் தண்ணீர் கசந்தது.

அங்கேயே ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். காதில் இரைச்சல் கேட்டது. மூன்று நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தது; பஸ் சத்தம், காட்டு வண்டு என்று எதையெதையோ காரணம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். சட்டைப் பையில் கொயினாப் பொட்டலம் இரண்டு மிச்சம் இருந்தது. அவற்றைச் சுனையில் போட்டேன்.

உடனே இறங்க வேண்டும் என்று தவித்தேன். பஸ் வரவில்லை. கரி நனைந்துவிட்டதாம், நாளைக்குத்தான் வருமாம். எட்டாம் நாள் காலையில் நடக்கத் தொடங்கினேன். வளைவு வளைவாக மலைச்சாலை. காய்ச்சல் தின்ற கால் ஒவ்வொரு வளைவிலும் மடங்கியது. எதிரே ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறி வந்தார்கள். தலையில் பானை, பாய். அதில் ஒருத்தி, "ஆத்தா, இந்த அய்யா விழுந்துருவாரு போலருக்கே" என்று சொல்லி, மடியிலிருந்து ஓர் ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். அது புளித்தது. பின்னால் கொஞ்சம் கசந்தது. ஆனால் முதலில் புளித்தது. நாக்கு திரும்பிக்கொண்டிருந்தது. அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

கூடலூரில் தங்கி, ஒன்பதாம் நாள் பஸ்ஸிலும் வண்டியிலுமாக அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது உச்சிவேளை. ஆண்கள் எல்லோரும் வயலுக்குப் போயிருந்தார்கள். உபதேசியாரும் இல்லை. வழி கேட்டுக்கொண்டு பந்தலுக்குப் போனேன்.

பந்தல் கால்கள் நின்றன. மேலே மூங்கிலில் இலைகள் வாடித் தொங்கின. தரையோடு தரையாக ஒவ்வொரு கொடியும் வெட்டுப்பட்டிருந்தது. வெட்டின வாயில் நீர் கசிந்துகொண்டிருந்தது. ஞானம்மாள் கொடிகளை இழுத்து விறகுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று ஜாடிகள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கொயினா, துரைசானி, சுனைத் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டுவதை நிறுத்தவில்லை.

"ரசம் எங்கே அம்மா?"

"ரெண்டு ஜாடிய அன்னிக்கே நாந்தேன் வாய்க்கால்ல ஊத்தினேன். பட்டச்சாராயம்னு சொன்னத வீட்டுல வச்சிருக்க முடியுமா?" என்றாள். "மூணாவத, வெட்ட வந்த ஆளுக கேட்டாக. குடுத்தேன். குடிச்சுப்பிட்டு நல்லாருக்குன்னாக."

பிறகு குடிசைக்குள் போய் அந்தப் புட்டியைக் கொண்டுவந்தாள். அன்று நான் இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்த அதே புட்டி. "இது ஒண்ணு கிடக்கு" என்றாள்.

கிளாஸை எடுக்கவில்லை. உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கினேன். நாக்கு முழுதாகத் தெளிந்திருந்தது. முதலில் பன்னீர். பிறகு பழத்தின் புளிப்பு, கூர்மையாக, சுத்தமாக. தோலின் துவர்ப்பு லேசாக வந்து, தொண்டையில் எதையும் விடாமல் இறங்கிவிட்டது. துரைசானியின் க்ளாரெட்டுக்கு நிகரா என்றால் இல்லை. இளசு, மெலிசு. ஆனால் திராட்சையைத் தவிர அதில் எதுவுமே இல்லை. சாமியார் கேட்டது அதைத்தான். இந்த ஒன்பது நாளில் நான் வாயில் வைத்தவற்றில் விலை குறைந்ததும் இதுதான், பொய் இல்லாததும் இதுதான்.

"தப்பு பண்ணிட்டேன் அம்மா. இது நல்ல ரசம்" என்றேன்.

அவள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "அன்னிக்கு அத்தன பேரு முன்னால சொன்னீகள்ல. இதையும் அத்தன பேரு முன்னால சொல்லுங்க. பொழுது சாயயில அம்புட்டுப் பேரும் இங்கன கோயில்லதேன் கூடுவாக."

உத்தமபாளையத்தில் மூன்று மணி பஸ்ஸை விட்டால் மறுநாள்தான் என்று சொன்னேன். அது உண்மை. உடம்பு தாங்காது என்றேன். அதுவும் உண்மை. சந்தியாகுவின் முகத்தையும் உபதேசியாரின் முகத்தையும் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. சாமியாரிடம் சொல்லிக் கடிதம் எழுதச் சொல்கிறேன், கோவிலில் வாசிப்பார்கள் என்று வாக்குக் கொடுத்தேன்.

"எழுதச் சொல்லுங்க" என்றாள். புட்டியை என்னிடம் நீட்டினாள். "இதக் கொண்டுபோயி எம்மக பேருக்கு ஒரு பூச வைக்கச் சொல்லுங்க. ஆரோக்கியமேரின்னு பேரு. ஆறு வயசு."

பத்தாம் நாள் மதுரை வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை ஆறு மணிப் பூசையில் சாமியார் அந்த ரசத்தைப் பாத்திரத்தில் ஊற்றினார். நான் கடைசித் தூண் அருகே முழங்காலில் இருந்தேன். ஆரோக்கியமேரி என்ற பெயரை அவர் லத்தீனுக்கு நடுவே மெதுவாகச் சொன்னது கேட்டது. பூசை முடிந்து உடை மாற்றும் அறைக்குப் போனேன். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அருமையான ரசம், அருளப்பா. அந்த அம்மாளிடம் இன்னும் எவ்வளவு இருக்கிறது?"

நடந்ததை நடந்தபடி சொன்னேன். சாமியார் அங்கியை ஆணியில் மாட்டினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். மேஜையில் காகிதமும் பேனாவும் எடுத்து வைத்து, "நான் எழுத மாட்டேன். நீ எழுது. நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

எழுதினேன். கெட்டிருந்தது என் நாக்கு, ரசம் அல்ல என்று எழுதினேன். ஞானம்மாள் என்ற பெயரை மூன்று இடத்தில் எழுதினேன். அன்றே தபாலில் சேர்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போய்வந்த ஒரு சாமியார் எங்கள் கோவிலுக்கு வந்திருந்தார். கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து உபதேசியார் பீடத்துக்கு முன் நின்று நிறுத்தி நிறுத்தி வாசித்தாராம். கோவில் கொள்ளாத கூட்டமாம். சந்தியாகு எழுந்து வெளியே போய்விட்டானாம். மற்றவர்கள் கடைசி வரை கேட்டார்களாம்.

"அந்தப் பெண்?" என்றேன்.

கடிதம் வாசித்ததற்கு முந்தின வாரமே பாயும் பானையும் எடுத்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு மலையேறிவிட்டாளாம். எந்தத் தோட்டம் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை என்றார்.